முப்பத்தாறாம் பக்கத்தைத் தேடுங்கள்

இரும்புலியூர்,
ஞாயிறு மாலை.

இந்த ஆண்டு படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருக்கும் நம் பகுதித் தம்பி தங்கைகளுக்கு,

உங்களில் சிலருக்கு என்னைத் தெரியும். சானடோரியம் மெப்ஸ் வளாகத்துக்குள் ஓர் ஏற்றுமதி கம்பெனியின் பர்சனல் செக்‌ஷனில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். அந்த செக்‌ஷனுக்கு ஹெச்.ஆர். என்று பெயர் மாறியது, டைப்ரைட்டர் போய் கம்ப்யூட்டர் வந்தது, நான் மட்டும் அதே ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஓய்வு பெற்றேன். உங்களில் பாதிப்பேர் ஆன்ட்டி என்கிறீர்கள், மீதிப்பேர் மேடம் என்கிறீர்கள். எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, பென்ஷனுக்கு ஒரு நகல் எடுக்க ஜி.எஸ்.டி. ரோட்டோரம் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் மூன்று பேர். முதல் தம்பி, "அண்ணா, கவரிங் லெட்டர் ஒண்ணு" என்றான், டீக்கடையில் டீ சொல்வது மாதிரி. கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலைத் திறந்தார். "பேரு? டிகிரி? கம்பெனி பேரு?" மூன்றையும் தட்டினார். பிரிண்ட் வந்தது. பத்து ரூபாய். அடுத்து வந்த தங்கைக்கும் அதே ஃபைல், அதே மூன்று கேள்வி. மூன்றாவது ஆளுக்கும் அப்படியே. இதில் ஒரு தாளில் பெயர் தப்பாக விழுந்துவிட்டது. அதை ஓரமாகப் போட்டவர், என் நகலைச் சுற்றித் தர அதையே எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பிரித்துப் படித்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. 'இன்ன தேதியிட்ட நாளிதழில் வெளியான தங்கள் விளம்பரத்தைக் கண்டு' என்று தொடங்கியது. தேதி இருக்க வேண்டிய இடத்தில் புள்ளிகள். விளம்பரம் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. அடுத்த பத்தியில், விண்ணப்பிப்பவர் கடின உழைப்பாளி, நேர்மையானவர், அர்ப்பணிப்பு உள்ளவர், சீக்கிரம் கற்றுக்கொள்பவர். கடைசியில், ஒரு வாய்ப்பு தந்தால் மேலதிகாரிகள் முழுத் திருப்தி அடையும் வண்ணம் கடமையாற்றுவதாக உறுதி. இந்தக் கடைசி வாக்கியத்தை எனக்கு நன்றாகவே தெரியும். வேலையில் இருந்த காலம் முழுக்க அதோடுதான் குடித்தனம் நடத்தினேன்.

அந்தத் தாள்தான் இந்த மடலை எழுத வைத்தது. சொல்ல வந்தது ஒரே விஷயம்: கவரிங் லெட்டர் என்ற பெயரில் நாம் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். கம்பெனிக்குத் தேவை சாட்சி.

நமக்கு மனு கைவந்த கலை. பள்ளித் தமிழ்த் தேர்வில் எழுதியது ஞாபகம் இருக்கிறதா? அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா, பொருள், கடைசியில் உறைமேல் முகவரி. தெருவிளக்கு வேண்டி, நூலகம் வேண்டி, குடிநீர்க் குழாய் வேண்டி. எல்லாமே 'வேண்டி'. வளர்ந்த பிறகு அதே வடிவத்தோடு திங்கட்கிழமை செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நிற்கிறோம். 'நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன்' என்று தொடங்கி, நம் கஷ்டத்தைச் சொல்லி, ஆவன செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம். அதில் தப்பே இல்லை. தெருவிளக்கு போடுவது அந்த அலுவலகத்தின் கடமை, கேட்பது நம் உரிமை. அதனால் நம் தேவையைச் சொன்னால் போதும்.

கம்பெனிக்கு அப்படி ஒரு கடமை கிடையாது. அங்கே ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, அதனால் ஏதோ ஒரு வேலை தேங்கிக் கிடக்கிறது. அதை எடுத்துச் செய்ய யார் வருவார் என்று ஒருவர் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் போய் 'எனக்கு வேலை தேவை' என்றால், அது அவருக்குத் தெரிந்த சங்கதிதான். எழுதிப் போட்ட எல்லோருக்கும் தேவை. அவருடைய தேவை உங்களுக்குத் தெரிகிறதா என்றுதான் அவர் காகிதத்தில் தேடுகிறார்.

அரசு வேலையில் இந்தப் பாடத்துக்கே இடமில்லை. டி.என்.பி.எஸ்.சி.க்கு விண்ணப்பப் படிவமும் மதிப்பெண்ணும்தான். உங்களைப் பற்றி நாலு வரி எழுதச் சொல்லி யாரும் கேட்பதில்லை. அரசு வேலையையே வேலை என்று நினைத்து வளர்ந்த வீடுகளில் இதை யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? மனு தெரியும், அதையே தனியார் கம்பெனிக்கும் அனுப்பினோம். அது போதாதென்று இப்போது இன்னொரு வியாதியும் வந்திருக்கிறது. 'ஆற்றல் மிக்கவன், தலைமைப் பண்பு கொண்டவன், இலக்குகளை எட்டுவதில் தீராத வேட்கை உள்ளவன்.' மனுவில் குனிந்தோம், இதில் நமக்கு நாமே கட்-அவுட் வைக்கிறோம். குனிந்தாலும் முகம் தெரியாது, கட்-அவுட்டிலும் முகம் தெரியாது. வெறும் பெயின்ட்தான்.

சரி, சாட்சி என்றால் என்ன? நம் சென்னையிலிருந்து போன இரண்டு கடிதங்களைச் சொல்கிறேன். இரண்டையும் எழுதியவர் ஒருவரே.

முதலாவது, 1912 பிப்ரவரி 9ஆம் தேதி திருவல்லிக்கேணியிலிருந்து சென்னைத் துறைமுகத்தின் தலைமைக் கணக்கருக்கு எழுதப்பட்டது. கிளார்க் வேலை ஒன்று காலியாக இருப்பதாக அறிந்தேன், மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. வரை படித்தேன், சில சூழ்நிலைகளால் மேலே தொடர முடியவில்லை, ஆனாலும் என் நேரம் முழுவதையும் கணிதத்தில் செலவிட்டு வருகிறேன், வேலையைச் சரியாகச் செய்வேன் என்ற நம்பிக்கை உண்டு, தயவுசெய்து தர வேண்டும். கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். ஐந்தாறு வாக்கியம், அதில் இரண்டு இடத்தில் பணிந்து வேண்டுதல். எழுதியவர் சீனிவாச ராமானுஜன், வயது 24.

வடிவத்தில் அது மனுதான். அந்தக் காலத்து வழக்கம் அப்படி. ஆனால் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போனது, பச்சையப்பன் கல்லூரியில் எஃப்.ஏ. தேறாமல் போனது, கணிதம் தவிர மற்ற பாடங்களில் மனம் செல்லாதது என்று அவருக்குப் பின்னால் ஒரு பெரிய தோல்விக் கதையே இருந்தது. கடிதத்தில் அது அரை வாக்கியம். மறைக்கவும் இல்லை, புலம்பவும் இல்லை. உடனே 'ஆனாலும்' என்று திரும்பி, அந்த நாட்களில் தான் என்ன செய்தேன் என்பதற்குப் போய்விட்டார். அரியர் வைத்திருந்தவர்கள், நடுவில் ஒரு வருடம் வீட்டில் இருந்தவர்கள் இதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். இரண்டாவது, அவர் இணைத்தது. மாநிலக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட், கணிதத்தில் இவர் அசாதாரணத் திறமை உள்ளவர் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சொல்லை ராமானுஜன் தன் வாயால் சொல்லவில்லை, சொல்லத் தகுந்தவர் சொன்னார். மார்ச் 1ஆம் தேதி வேலையில் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய்.

எனக்கு ஒரு குறை உண்டு. முந்தைய வருடம்தான், 1911இல், இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் அவருடைய முதல் கட்டுரை வெளியாகியிருந்தது. அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. கடிதத்தைப் பெற்ற தலைமைக் கணக்கர் நாராயண ஐயரோ அதே சங்கத்தைச் சேர்ந்த கணித ஆர்வலர்! என் மேஜைக்கு வந்திருந்தால், "தம்பி, அந்த வரியைச் சேர்த்துட்டு வா" என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

பதினோரு மாதம் கழித்து, 1913 ஜனவரி 16 அன்று, அதே துறைமுக கிளார்க் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். வேலை, சொற்பச் சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதது என்று தன்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்குப் போனார். உங்கள் நூல் ஒன்றைச் சமீபத்தில் பார்த்தேன், அதன் 36ஆம் பக்கத்தில், ஓர் எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் உண்டு என்று சொல்லும் திட்டமான கோவை இன்னும் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஏறக்குறைய சரியாக வரும் ஒன்றை நான் கண்டிருக்கிறேன். இப்படிச் சொல்லிவிட்டு, தான் கண்ட தேற்றங்களைப் பக்கம் பக்கமாக இணைத்தார்.

அந்த 36ஆம் பக்கத்தை யோசித்துப் பாருங்கள். உலகத்தில் எத்தனையோ கணித அறிஞர்கள். அவர்களில் இவருடைய நூலில், இந்தப் பக்கத்தில், இவரே 'இது இன்னும் ஆகவில்லை' என்று ஒப்புக்கொண்ட இடத்தில் விரலை வைத்தார் நம் ஆள். ஹார்டி அந்தப் பக்கங்களை சகா லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து அலசியதும், 1914 மார்ச்சில் ராமானுஜன் கப்பல் ஏறியதும் ஊரறிந்த கதை. ஊர் அவ்வளவாக அறியாத சங்கதி ஒன்று உண்டு. பகா எண்களைப் பற்றி அவர் சொன்னது அவர் நினைத்த அளவுக்குச் சரியில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் கதவு திறந்தது. இடம் சரியான இடம், இணைத்த பக்கங்கள் உண்மையான பக்கங்கள். முழு விடையும் கையில் இருந்தால்தான் எழுதலாம் என்று காத்திருக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

நாம் ராமானுஜன் இல்லையே என்பீர்கள். நீங்கள் எழுதப்போவதும் ஹார்டிக்கு இல்லை, ஒரகடத்திலோ மறைமலைநகரிலோ இருக்கும் ஒரு ஹெச்.ஆர். எக்ஸிகியூட்டிவுக்கு. அவருக்கும் ஒரு 36ஆம் பக்கம் இருக்கிறது.

எங்கள் கம்பெனியில் ஸ்டோர் அசிஸ்டென்ட் வேலைக்கு ஆள் எடுத்தபோது ஒரு தம்பியின் கடிதம் வந்தது. கடப்பேரிப் பக்கத்துப் பையன், டிப்ளமோ. கையாலேயே எழுதியிருந்தான், எழுத்துப் பிழைகளும் இருந்தன. அப்பா பழைய இரும்புக் கடை வைத்திருப்பதாகவும், எட்டாம் வகுப்பிலிருந்து தராசில் நின்றதால் பித்தளை எது, பித்தளை முலாம் பூசிய இரும்பு எது என்று கையில் தூக்கியே சொல்வேன் என்றும் எழுதியிருந்தான். அதற்கடுத்த பத்தி எனக்கு இன்னும் மனப்பாடம். விண்ணப்பம் கொடுக்க வந்த அன்று கேட்டில் முக்கால் மணி நேரம் நின்றேன், அதற்குள் மூன்று சரக்கு வண்டிகள் உள்ளே போக முடியாமல் காத்திருந்தன, செக்யூரிட்டி ஒரு நோட்டில் எழுதுகிறார், ஸ்டோரிலிருந்து ஆள் வந்து அதையே இன்னொரு நோட்டில் எழுதுகிறார், எங்கள் கடையில் ஒரே சீட்டில் கார்பன் வைத்து எழுதுவோம். அவ்வளவுதான். ஸ்டோர் மேனேஜர் அந்தக் காகிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, "இவனைக் கூப்பிடும்மா, மத்தவங்களை அப்புறம் பாக்கலாம்" என்றார். கேட்டில் நிற்க வைத்தார்களே என்று கோபித்துக்கொண்டு போகாமல், அங்கேயே 36ஆம் பக்கத்தைப் படித்துவிட்டான் அந்தப் பையன்.

நீங்கள் கேட்டுக்குப் போக வேண்டியதில்லை. வேலை அறிவிப்பையே பொறுமையாகப் படியுங்கள், முக்கியமாகக் கடைசி வரிகளை. 'உடனே சேருபவர்களுக்கு முன்னுரிமை' என்றால் யாரோ திடீரென்று நின்றுவிட்டார் என்று ஊகிக்கலாம். 'சுழற்சி ஷிஃப்ட்' என்பதைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் ராத்திரி ஷிஃப்டுக்கு ஆள் நிற்பதில்லை என்று ஊகிக்கலாம். 'வாடிக்கையாளரிடம் தமிழில் பேசத் தெரிய வேண்டும்' என்று இருந்தால், இதுவரை பேசியவருக்கு அது வரவில்லை போலிருக்கிறது. சில சமயம் உங்கள் ஊகம் தப்பாகலாம். போகட்டும், ராமானுஜனுக்கே தப்பியது. உங்கள் சீனியர் யாராவது அங்கே வேலை பார்த்தால், "அங்க தினமும் எதுக்குப்பா அடிச்சுக்கறீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அந்தப் பதிலில் பாதிக் கடிதம் இருக்கும்.

இன்னொரு 36ஆம் பக்கம் நம் ஊருக்கே உரியது. இரும்புலியூர் நடுச்சந்தியில் உட்கார்ந்திருக்கிறது. பைபாஸ் பிரிவது இங்கே, வடக்கே மெப்ஸும் கிண்டியும், தெற்கே மறைமலைநகரும் மகிந்திரா சிட்டியும், மேற்கே ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும், கிழக்கே சிறுசேரி. எங்கே வேலை கிடைத்தாலும் போய்விடலாம் என்று நமக்குத் தெரியும். ஆள் எடுப்பவருக்குத் தெரியாது. 'காலை 6 மணி ஷிஃப்டுக்கு இந்தப் பெண் எப்படி வருவாள், மழைக்காலத்தில் என்ன செய்வாள், மூன்றாம் மாதம் தூரம் என்று நின்றுவிடுவாளா' என்ற கேள்வி அவர் மனதில் ஓடும், வாய்விட்டுக் கேட்க மாட்டார். 'பெருங்களத்தூரில் உங்கள் கம்பெனி பஸ் நிற்கிறது, என் வீட்டிலிருந்து பத்து நிமிடம்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் அவர் மனதில் இருந்த முள் போய்விடும். இந்த வரியை எழுதியவர்கள் என் சர்வீஸில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே.

இனி, சாட்சி. இங்கேதான் உங்களோடு எனக்குச் சண்டை. நீங்கள் உண்மையில் செய்த வேலைகளை எல்லாம் ஒளித்துவைக்கிறீர்கள்.

பி.காம். முடித்த ஒரு தங்கை போன மாதம் கடிதத்தோடு வந்தாள். கடின உழைப்பாளி, நேர்மை, அர்ப்பணிப்பு. அதே ஜெராக்ஸ் கடை வாசனை. "சாயந்திரத்துல என்னம்மா பண்ணுவ?" என்று கேட்டேன்.

"சும்மாதான் இருப்பேன் ஆன்ட்டி."

"சும்மான்னா?"

"முடிச்சூர் ரோட்ல ஒரு மளிகைக் கடையில பில் போடுவேன். ரெண்டு வருஷமா. அதெல்லாம் போய் எழுத முடியுமா?"

கிண்டிக் கேட்டதில் ஒவ்வொன்றாக வந்தது. காலாவதியான பிஸ்கட்டும் மசாலாவும் வீணாகிக் குப்பைக்குப் போனதைப் பார்த்து இவள்தான் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறாள். தேதி முடிவதற்குள் ஏஜென்டிடம் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் அப்படித்தான் வந்திருக்கிறது. சப்ளையர் பில்லில் வரி தப்பாகப் போட்டதை இரண்டு முறை பிடித்திருக்கிறாள். இத்தனையும் செய்துவிட்டு, 'சும்மா'.

கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் வேலைக்குப் போய் முந்நூறு பேருக்குப் பந்தி பரிமாறியவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். தீபாவளி சீசனில் தி.நகர் ஜவுளிக் கடையில் காலை முதல் இரவு வரை நின்றே விற்றவர்கள் இருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தவர்கள், விடிகாலையில் பேப்பர் போட்டவர்கள், அம்மாவின் இட்லி மாவுக் கணக்கைப் பார்த்துக்கொண்டவர்கள் இருக்கிறீர்கள். கடிதத்தில் இதைச் சொல்ல வெட்கம். எழுதினால் வீட்டின் நிலைமை தெரிந்துவிடுமே என்ற பயம். அந்த பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், அதை லேசாக எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ஆனால் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவள் சொல்வதை ஒரு தரம் நம்புங்கள். 'கடின உழைப்பாளி' என்ற சொல்லை எந்தத் தயக்கமும் இல்லாமல் தாண்டிப் போயிருக்கிறேன். 'தீபாவளிக்கு 20 நாள் பில்லிங் கவுன்டரில் இருந்தேன், கணக்கு ஒரு நாள்கூட உதைக்கவில்லை' என்ற வரியைத் தாண்டிப் போனதில்லை.

அந்தத் தங்கையும் நானும் உட்கார்ந்து எழுதியது இது. முதலில் தமிழில் எழுதினோம், பிறகுதான் ஆங்கிலத்தில் கொண்டுபோனோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். யோசிக்கிற மொழியில் எழுதினால்தான் பொய் மாட்டிக்கொள்ளும்.

'வணக்கம். கணக்குப் பிரிவு உதவியாளர் பணிக்கு உங்கள் இணையதளத்தில் வந்த அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பிக்கிறேன்.

பி.காம். படித்துக்கொண்டே 2 ஆண்டுகள் மாலை வேளையில் ஒரு மளிகைக் கடையில் பில் போட்டேன். பொருள்களின் காலாவதித் தேதியை ஒரு நோட்டில் எழுதி, 10 நாள் முன்பே ஏஜென்டிடம் திருப்பிக் கொடுக்கும் முறையைத் தொடங்கினேன். கடையில் இன்றும் அது நடக்கிறது. சப்ளையர் பில்லில் வரி விகிதம் தவறாக இருந்ததை இரண்டு முறை கண்டுபிடித்துத் திருத்தி வாங்கினேன்.

சப்ளையர் பில்களைச் சரிபார்ப்பதை முதல் வேலையாக உங்கள் அறிவிப்பில் சொல்லியிருக்கிறீர்கள். வாரந்தோறும் நான் செய்ததும் அதுதான், சிறிய அளவில். டேலி தெரியும். எக்ஸெல்லில் அடிப்படை தெரியும், மேலே கற்றுக்கொள்ள வேண்டும்.

முதல் ஆண்டில் ஒரு தாளில் தவறி, அடுத்த செமஸ்டரில் தேறினேன். இரும்புலியூரில் வசிக்கிறேன். உங்கள் அலுவலகத்துக்கு ஒரே பஸ்ஸில் வரலாம். உடனே சேர முடியும். நேரில் பேச ஒரு வாய்ப்புக் கிடைத்தால் அந்த நோட்டையும் கொண்டுவருகிறேன்.'

அவ்வளவுதான். அரைப் பக்கம். இதில் அவளைப் புகழும் அடைமொழி ஒன்றுகூட இல்லை. படித்து முடித்ததும் 'பொறுப்பான பொண்ணு' என்று படிப்பவரே சொல்வார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து வரவிடுங்கள். கடைசி வரியைப் பாருங்கள், கெஞ்சவில்லை, கையில் நோட்டு இருக்கிறது என்கிறது. ராமானுஜன் இணைத்த பக்கங்களுக்கு இது ஒன்றுவிட்ட தங்கை முறை.

மற்றவை சில்லறை விஷயங்கள், ஆனால் சில்லறையில்தான் கணக்கு உதைக்கும். ஈமெயிலில் அனுப்பினால் சப்ஜெக்ட் வரியில் வேலையின் பெயரும் உங்கள் பெயரும் இருக்கட்டும். காலியாக விடாதீர்கள். கடிதத்தைத் தனி ஃபைலாகக் கேட்கவில்லை என்றால் ஈமெயில் உடம்பிலேயே எழுதுங்கள். பலர் செல்போனில், மின்சார ரயிலில் நின்றுகொண்டே படிக்கிறார்கள். முதல் நாலு வரிக்குள் எந்த வேலை, நீங்கள் யார் என்பது வந்துவிட வேண்டும். ரெஸ்யூமில் இருப்பதையே மறுபடி ஒப்பிக்காதீர்கள். கம்பெனி பெயரை மூன்று தரம் சரிபாருங்கள். ஒரு கம்பெனிக்கு எழுதிய புகழுரை இன்னொரு கம்பெனிக்குப் போன கடிதங்கள் என்னிடம் ஒரு கட்டே சேர்ந்திருந்தது. அப்பா பெயர், மதம், சாதி, ராசி எதுவும் வேண்டாம். ஆதார் நகலை முதல் கடிதத்திலேயே இணைக்காதீர்கள். வேலை தருவதற்கு டெபாசிட் கேட்பவர் வேலை தருபவரே இல்லை, அங்கே கவரிங் லெட்டர் செலவும் வேண்டாம்.

உங்களுடைய மிடில்மாஸ்ட் யார் என்றும் யோசியுங்கள். எம்.எல்.ஏ. ஆபீஸ் சிபாரிசைச் சொல்லவில்லை. உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்த ஒருவர் வேண்டும். ப்ராஜெக்டை வழிநடத்திய ஆசிரியராக இருக்கலாம், மளிகைக் கடை முதலாளியாகவும் இருக்கலாம். அவரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு அவர் பெயரைக் கொடுங்கள். திடீரென்று போன் வந்து, "யாருங்க அந்தப் பொண்ணு?" என்று அவர் கேட்டுவைத்தால் எல்லாம் போச்சு.

இப்போதெல்லாம் செல்போனில் கேட்டால் ஏ.ஐ. அரை நிமிடத்தில் கடிதம் எழுதித் தருகிறது என்கிறீர்கள். நானும் பேத்தியிடம் சொல்லி எழுதிப் பார்த்தேன். இலக்கணம் சுத்தம், ஆங்கிலம் பளபள. ஆனால் அதுவும் ஜெராக்ஸ் கடை ஃபைல்தான், கொஞ்சம் பெரிய கடை. உங்கள் நோட்டைப் பற்றி அதற்கு எப்படித் தெரியும்? தமிழில் நீங்கள் எழுதியதைக் கொடுத்து ஆங்கிலத்தைத் திருத்தச் சொல்லுங்கள், நல்லது. அது தானாகச் சேர்க்கும் 'தீராத வேட்கை'யை மட்டும் அடித்துவிடுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நல்ல கடிதம் எழுதினால் வேலை நிச்சயம் என்று நான் சொல்லவில்லை. தெரிந்தவர் மூலமாகவே ஆள் எடுக்கும் இடங்கள் உண்டு. கான்ட்ராக்டர் வழியாக மட்டும் எடுக்கும் இடங்கள் உண்டு. கடிதத்தைத் திறந்தே பார்க்காத இடங்களும் உண்டு. பதில் வராத ஒவ்வொரு கடிதத்துக்கும் உங்கள் மேல் குற்றம் தேடாதீர்கள். ஆனால் படிக்கிற ஒருவர் கையில் அது கிடைக்கும் நாளில், அதற்குள் நீங்கள் இருக்க வேண்டும். இன்னொரு லாபமும் உண்டு. இப்படி ஒரு கடிதம் எழுதியவருக்கு இன்டர்வியூவில் 'உன்னைப் பற்றிச் சொல்லு' என்றால் நாக்கு ஒட்டாது.

கடைசியாக, அந்த ஜெராக்ஸ் கடை. நேற்று மறுபடி போனேன். அந்த ஃபைலை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பிரிண்டரையே பார்த்தார்.

"அது என்னோடதுதான் மேடம். 2009ல பேப்பர்ல விளம்பரம் பாத்து நான் போட்டது. தேதியை மட்டும் அழிச்சுட்டு வெச்சிருக்கேன்."

"வேலை கிடைச்சுதா?"

"பதிலே வரல. அப்புறம்தான் இந்தக் கடை."

இத்தனை வருடமாக நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும், பதில் வராத ஒரு கடிதத்தைத்தான் பெயர் மாற்றிப் பெயர் மாற்றி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எந்த வேலைக்கு எழுதியது என்று கேட்டேன். ஆபீஸ் மெஷின்களைப் பழுதுபார்க்கும் சர்வீஸ் ஆள் வேலையாம். அவர் படிக்கும்போதே இரண்டு கடைகளுக்கு ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் செய்து கொடுத்தவர். அதை ஏன் எழுதவில்லை என்றேன்.

"அதையெல்லாம் எழுதலாம்னு அப்ப யாரும் சொல்லலியே மேடம்" என்றார்.

நான் சொல்லிவிட்டேன். இனி ஞாயிறுதோறும் மாலை 4 முதல் 6 வரை அந்தக் கடையில் ஓர் ஓரமாக நாற்காலி போட்டு உட்காரப்போகிறேன். அவர் சம்மதித்துவிட்டார், பிரிண்டுக்கு அதே பத்து ரூபாய்தான். வரும்போது சர்டிபிகேட் எல்லாம் வேண்டாம். நீங்கள் உண்மையில் செய்த ஒரு வேலையை யோசித்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்று கையெழுத்திட்டு ஒரு காலத்தில் பதினோரு கம்பெனிகளுக்கு மனு போட்டவளும்,
உங்கள் தெருக்காரியுமான
ஆன்ட்டி என்கிற மேடம்.